பேண்டாக்ல பிடிஎஃப் எடுத்தா உரை எல்லாம் வருது, செய்யுள் மட்டும் காணாம போகுது – எங்க தப்பு?

பழையநோட்டு

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், ராத்திரி தூக்கமே போச்சு, அதான் இங்க கேக்குறேன். எங்க அப்பா தமிழ் வாத்தியார், வகுப்புக்குன்னு வருஷக்கணக்கா எழுதி வச்ச இலக்கணக் குறிப்பை எல்லாம் 14 அத்தியாயமா மார்க்டவுன்ல (சாதா டெக்ஸ்ட்லயே சில குறி போட்டு தலைப்பு, பட்டியல் எல்லாம் காட்டுற முறை) தட்டி முடிச்சிருக்கேன், ஒண்ணு ரெண்டு அத்தியாயம் அவரே பழைய கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி வச்சிருந்தது, அதையும் சேத்துக்கிட்டேன். பேண்டாக் (ஒரு வகை ஃபைலை இன்னொரு வகையா மாத்தித் தர்ற புரோகிராம்) வழியா ஏ5 சைஸ்ல பிடிஎஃப் எடுத்து பிரிண்ட் போட்டு அவர் கையில குடுக்கணும், அவ்வளவுதான் ஆசை.

இதுவரைக்கும் நான் தாண்டி வந்ததையும் சொல்லிடறேன், அப்பதான் உங்களுக்குப் புரியும். முதல் தடவை ஆப்ஷன் எதுவும் குடுக்காம ஓட்டினேன், முதல் எழுத்துலயே இந்த யூனிகோட் எழுத்து லேட்டெக்ல (பக்கம் கோக்குற புரோகிராம்) செட்டப் ஆகலன்னு எரர் அடிச்சு நின்னுடுச்சு. தேடிப் பாத்துட்டு பிடிஎஃப் இன்ஜினை ஸீலேட்டெக்குக்கு (யூனிகோட் எழுத்து தெரிஞ்ச லேட்டெக்) மாத்தினேன், எரர் இல்ல, பிடிஎஃப்பும் வந்துச்சு, திறந்து பாத்தா பக்கம் பக்கமா வெறும் நம்பரும் கமாவும் முற்றுப்புள்ளியும்தான். மெயின்ஃபாண்ட்ல (உரைக்கான ஃபாண்ட் சொல்ற ஆப்ஷன்) நோட்டோ செரிஃப் தமிழ்ங்கிற ஃபாண்ட்டைக் குடுத்தேன், எழுத்து வந்துச்சு, ஆனா "பொருள்"னு வர்ற இடத்துல கொம்பு தனியா ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸ்ல ஸ்கிரிப்ட்=தமிழ்னு சேத்ததும் அதுவும் சரியாச்சு.

இப்ப பிரச்சினை என்னன்னா உரைப் பகுதி எல்லாம் அழகா வருது, நடுவுல எடுத்துக்காட்டா வர்ற செய்யுள் மட்டும் இல்ல. "எடுத்துக்காட்டு:"ன்னு இருக்கு, அதுக்குக் கீழ நாலு வரி உயரத்துக்கு வெள்ளையா கிடக்கு, அந்த வெள்ளைக்குள்ள ஒரு கமாவும் ஒரு முற்றுப்புள்ளியும் மட்டும் அந்தரத்துல தொங்குது. இதுல இன்னொரு குழப்பம், எல்லா இடத்துலயும் இப்படி இல்ல. சில இடத்துல செய்யுள் வருது, ஆனா வரி உடையாம மேல இருக்கிற உரையோட ஒட்டி ஒரே பத்தியா ஓடுது. ஒரே ஃபைல், ஒரே ஃபாண்ட், நான் தட்டினதும் ஒரே மாதிரிதான், எல்லா செய்யுளையும் கொஞ்சம் உள்ள தள்ளி எழுதியிருக்கேன்.

ரெண்டாவது, வேற்றுமை அட்டவணை வலது பக்கம் மார்ஜினைத் தாண்டி பேப்பருக்கு வெளிய போயிடுது. அதே மாதிரி போட்ட இன்னொரு அட்டவணை மட்டும் ஒழுங்கா மடங்கி வருது. ஏன்னு தெரியல. யாராவது கை குடுங்க.

இரவுப்பணி

ப்ரோ செய்யுளுக்கு போல்டோ இட்டாலிக்கோ போட்டிருக்கீங்களா? தமிழ் ஃபாண்ட் நிறையதுல சாய்வெழுத்து தனியா இருக்காது, அதனால வராம இருக்கலாம். வேற ஃபாண்ட் வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

பழையநோட்டு

போல்டு இட்டாலிக் எதுவுமே இல்ல ப்ரோ. முக்தா மலர், லதா ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன், உரைப் பகுதியோட எழுத்து மாறுது, செய்யுள் இருக்கிற இடம் அப்படியே வெள்ளைதான்.

அச்சுக்கோர்ப்பவன்

தம்பி, ஃபாண்ட் மாத்தினதும் உரை மாறுது, செய்யுள் மாறலன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. அந்த செய்யுள் மெயின்ஃபாண்ட்டுக்கே வரல, வேற ஏதோ ஃபாண்ட்ல போய் விழுது. எந்த ஃபாண்ட்னு ஊகிக்க வேணாம், பாத்தே சொல்லிடலாம்.

பிடிஎஃப்பை எத்தனை தடவை உத்துப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது, ஏன்னா உங்க ஃபைல் ரெண்டு கை மாறித்தான் பிடிஎஃப் ஆகுது. பேண்டாக் மார்க்டவுனைப் படிச்சு லேட்டெக் ஃபைலா எழுதுது, அந்த ஃபைலை ஸீலேட்டெக் வாங்கி பக்கமா கோக்குது. நடுவுல இருக்கிற அந்த லேட்டெக் ஃபைலை வேலை முடிஞ்சதும் பேண்டாக்கே தூக்கிப் போட்டுடும், அதனால நம்ம கண்ணுல படவே படாது. அதை வெளிய எடுங்க. அதே கமாண்டுதான், அவுட்புட் ஃபைல் பேரு பிடிஎஃப்னு முடியற இடத்துல டெக்ஸ்னு முடிச்சு, கூடவே ஸ்டேண்ட்அலோன் ஆப்ஷன் போடுங்க. வர்ற ஃபைலைத் திறந்து, காணாம போன ஒரு செய்யுளைத் தேடி, அதுக்கு மேலயும் கீழயும் என்ன வரி இருக்குன்னு பாருங்க. ஒட்டிப்போன செய்யுள் ஒண்ணையும் அதே மாதிரி பாருங்க.

இன்னொண்ணு, பிடிஎஃப் எடுக்கும்போது டெர்மினல்ல வார்னிங் ஓடியிருக்கும், "இந்த எழுத்து இந்த ஃபாண்ட்ல இல்ல"ன்னு. பலரும் பிடிஎஃப்தான் வந்துடுச்சேன்னு அதை விட்டுடுவாங்க. அதுல எந்த ஃபாண்ட் பேரு வருதுன்னு பாத்து எழுதுங்க.

(மொபைல்ல இருந்து தட்டுறேன், கமாண்ட் பேரெல்லாம் தமிழ்லயே எழுதுறேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

பழையநோட்டு

அண்ணா பாத்துட்டேன். காணாம போன செய்யுளுக்கு மேல பிகின் வெர்பேட்டிம், கீழ எண்ட் வெர்பேட்டிம்னு இருக்கு, நடுவுல செய்யுள் ஒரு எழுத்து குறையாம அப்படியே இருக்கு! ஒட்டிப்போன செய்யுளுக்கு மேலயும் கீழயும் ஒண்ணுமே இல்ல, முந்தின வரியோட தொடர்ச்சியா சாதாரணமா இருக்கு. வார்னிங் நூத்துக்கணக்குல இருக்கு, எல்லாத்துலயும் எல்எம்மோனோ10-ரெகுலர்னு ஒரே ஃபாண்ட் பேருதான் வருது. நான் அப்படி ஒரு ஃபாண்ட்டைச் சொல்லவே இல்லையே?

அச்சுக்கோர்ப்பவன்

சரி, ஆள் மாட்டிக்கிச்சு. செய்யுளை உள்ள தள்ளி எழுதினேன்னு சொன்னீங்களே, டேப் தட்டித் தள்ளினீங்களா, இல்ல நாலு ஸ்பேஸா? எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். மேல ஒரு காலி வரி விட்டு நாலு ஸ்பேஸோ ஒரு டேப்போ வச்சு ஒரு வரி ஆரம்பிச்சா மார்க்டவுன்ல அது புரோகிராம் கோடுன்னு அர்த்தம். ஜான் க்ரூபர் 2004ல மார்க்டவுனை வெளியிட்டப்பவே இருந்த விதி இது. பேண்டாக் அந்த விதிப்படி உங்க செய்யுளை கோடுன்னு எடுத்துக்கிட்டு வெர்பேட்டிமுக்குள்ள (தட்டினதை அப்படியே காட்டுற பகுதி) வச்சிருக்கு. வெர்பேட்டிம்ல வர்றது எல்லாம் மோனோ ஃபாண்ட்ல (எல்லா எழுத்தும் ஒரே அகலம்) போகும், நீங்க மோனோஃபாண்ட் எதுவும் சொல்லாததால லேட்டின் மாடர்ன் மோனோவை அதுவா எடுத்துக்கிச்சு, அதுல தமிழ் எழுத்து கிடையாது. எழுத்து இல்லாத இடத்துல ஸீலேட்டெக் எரர் குடுத்து நிக்காது, அந்த எழுத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். கமாவும் முற்றுப்புள்ளியும் அந்த ஃபாண்ட்ல இருக்கு, அதனாலதான் அது மட்டும் வெள்ளைக்குள்ள தொங்குது. முதல்ல உங்களுக்கு புத்தகமே வெள்ளையா வந்துச்சே, அதே நோவுதான், அப்ப மெயின்ஃபாண்ட்ல இருந்தது இப்ப மோனோஃபாண்ட்ல இருக்கு.

ஒட்டிப்போன செய்யுளுக்கும் காரணம் இதுவேதான். அங்க மேல காலி வரி விட்டிருக்க மாட்டீங்க. காலி வரி இல்லேன்னா எத்தனை ஸ்பேஸ் தள்ளினாலும் மேல இருக்கிற பத்தியோட தொடர்ச்சின்னுதான் பேண்டாக் எடுக்கும், வரி உடைச்சதையும் கண்டுக்காது. ஃபைலைத் திறந்து பாருங்க, காணாம போனது எல்லாத்துக்கும் மேல காலி வரி இருக்கும், ஒட்டினது எதுக்கும் இருக்காது.

இரவுப்பணி

ஓ அப்படியா, நான் ஃபாண்ட்லயே நின்னுட்டேன். அப்ப யாமல் பகுதியில (ஃபைலோட தொடக்கத்துல செட்டிங் எழுதற இடம்) மோனோஃபாண்ட்டுக்கும் நோட்டோ செரிஃப் தமிழையே குடுத்து, மோனோஃபாண்ட்ஆப்ஷன்ஸ்ல ஸ்கிரிப்ட்=தமிழ் போட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சுடுமே, 14 அத்தியாயத்தையும் தொட வேண்டியதில்ல.

ஸ்லாஷ்ராணி

எழுத்து தெரியும், அது வரைக்கும் சரி. ஆனா அதோட விடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. வெர்பேட்டிம்ல வரி மடங்காது, ஏ5 பக்கத்துல ஒரு நீளமான அடி வந்தா அப்படியே மார்ஜினைத் தாண்டிப் போகும். ஒட்டிப்போன செய்யுள் எதுவும் இதால சரியாகாது. நாளைக்கு இதையே ஈபப் மின்னூலாவோ வேர்டாவோ எடுத்தா மறுபடி கோடு மாதிரிதான் வரும். செய்யுள் செய்யுளாத்தான் இருக்கணும், அப்பாவோட புத்தகத்துல அதைக் கோடுன்னு சொல்லி ஒப்பேத்தாதீங்க.

பேண்டாக்ல இதுக்குன்னே லைன் பிளாக்னு ஒண்ணு இருக்கு, மார்க்டவுன் மாதிரியே ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்னு ஒரு முறை இருக்கு, அதுல இருந்து எடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால ஒரு குத்துக்கோடு, ஒரு ஸ்பேஸ், பிறகு அடி:

| முதல் அடி இங்க வரும்
| ரெண்டாவது அடி இங்க வரும்
|     மூணாவது உள்ள தள்ளி வரணும்னா கோட்டுக்கு அப்புறம் ஸ்பேஸ்

வரி உடையற இடமும் கோட்டுக்கு அப்புறம் விட்ட ஸ்பேஸும் அப்படியே நிக்கும், நீளமான அடி தானா மடங்கும், மெயின்ஃபாண்ட்லயே வரும். மேலயும் கீழயும் ஒரு காலி வரி கட்டாயம் விடுங்க. எடிட்டரோட பிரிவியூல குத்துக்கோடு அப்படியே தெரிஞ்சா பயப்படாதீங்க, நிறைய பிரிவியூவுக்கு இந்த முறை தெரியாது, பேண்டாக் மார்க்டவுனுக்குத் தெரியும். இன்புட் ஃபார்மேட்டை கிட்ஹப் மார்க்டவுன்னு எங்கயாவது மாத்தி வச்சிருந்தா மட்டும் வேலை செய்யாது.

நாலு ஸ்பேஸ்ல ஆரம்பிக்கிற வரியை எல்லாம் தேடி மாத்தினா சீக்கிரம் முடியும், ஆனா மொத்தத்தையும் ஒரே அடியா மாத்திடாதீங்க. பட்டியலுக்குள்ள பட்டியல் போட்டிருந்தா அதுவும் நாலு ஸ்பேஸ்லதான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னால குத்துக்கோடு விழுந்துட்டா பட்டியல் குலைஞ்சுடும். ஒவ்வொண்ணா காட்டச் சொல்லிப் பாத்துப் பாத்து மாத்துங்க. முதல்ல டேப்பை எல்லாம் நாலு ஸ்பேஸா மாத்திக்கிட்டா தேடறது சுலபம்.

இப்ப அட்டவணை. குத்துக்கோடு போட்டு எழுதற அட்டவணைக்கு பேண்டாக்ல ஒரு விதி இருக்கு, இது தெரியாம நானே ஒரு வாரம் அலைஞ்சிருக்கேன். உங்க சோர்ஸ் ஃபைல்ல அந்த அட்டவணையோட ஏதாவது ஒரு வரி 72 எழுத்தைத் தாண்டினா, பேண்டாக் அட்டவணையைப் பக்க அகலத்துக்கு விரிச்சு, கட்டத்துக்குள்ள இருக்கிறதை மடக்கி எழுதும். ஒரு வரி கூடத் தாண்டலன்னா மடக்கவே மடக்காது, கட்டத்துல இருக்கிறது எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரே வரியா நீட்டிடும். உங்க வேற்றுமை அட்டவணையில "இரண்டாம் வேற்றுமை, ஐ, ஒரு எடுத்துக்காட்டு"ன்னு ஒவ்வொரு வரியும் 60 எழுத்து போல இருக்கும், விதிப்படி அது சின்ன அட்டவணை, ஆனா ஏ5 பக்கத்துல தமிழ் எழுத்துல அது கொள்ளாது. மடங்கி வந்த இன்னொரு அட்டவணையில ஏதோ ஒரு வரி 72ஐத் தாண்டியிருக்கும், பாருங்க.

காலம்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல 40ன்னு குடுத்தா 72க்கு பதிலா 40ஐ எல்லையா வச்சுக்கும். அப்புறம் தலைப்பு வரிக்குக் கீழ கோடு போடுவோம் இல்லையா, அந்தக் கோட்டுல எத்தனை சின்னக் கோடு இருக்கோ அந்த விகிதத்துலதான் பத்தி (நெடுவரிசை) அகலம் பிரியும்:

| வேற்றுமை | உருபு | எடுத்துக்காட்டு |
|-----|---|----------|
| மூன்றாம் வேற்றுமை | ஆல் | கல்லால் கட்டிய வீடு |
| நான்காம் வேற்றுமை | கு | மாணவனுக்குக் கொடுத்த புத்தகம் |

இதுல 5, 3, 10. உருபுக்குக் கொஞ்சம், எடுத்துக்காட்டுக்கு நிறைய. எல்லாத்துக்கும் மூணு மூணு கோடு போட்டா மூணு பத்தியும் சம அகலமா வந்து உருபு பத்தி சும்மா காலியாக் கிடக்கும்.

இரவுப்பணி

அக்கா சொன்னது சரி, என் வழியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு யோசனை, பேண்டாக் புது வெர்ஷன்ல பிடிஎஃப் இன்ஜினா டைப்ஸ்ட்டும் (லேட்டெக் மாதிரி பக்கம் கோக்குற இன்னொரு புரோகிராம்) போடலாம், ரொம்ப வேகம், தமிழும் ஒழுங்கா வருது. லேட்டெக் இன்ஸ்டால் பண்ற பெரிய வேலையே இல்ல.

அச்சுக்கோர்ப்பவன்

டைப்ஸ்ட் நல்லதுதான், அடுத்த புத்தகத்துக்கு எடுத்துக்கலாம். இவருக்கு எழுத்தும் கொம்பும் எல்லாம் சரியா உக்காந்தாச்சு, இப்ப இன்ஜினை மாத்தினா மறுபடி முதல்ல இருந்து ஒவ்வொண்ணா பாக்கணும். இதை முதல்ல முடிக்கட்டும்.

பழையநோட்டு

அண்ணா, அக்கா, செய்யுள் எல்லாம் வந்துடுச்சு!! நேத்து ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன், அண்ணா சொன்ன மாதிரியே காலி வரி இருந்தது எல்லாம் காணாம போயிருந்தது, இல்லாதது எல்லாம் ஒட்டியிருந்தது, ஒண்ணு கூடத் தப்பல. அட்டவணையும் மடங்கி பக்கத்துக்குள்ள வந்துடுச்சு. வார்னிங்ல எல்எம்மோனோங்கிற பேரே இப்ப இல்ல.

இன்னும் ரெண்டு இருக்கு, மன்னிச்சுக்கோங்க. ஒண்ணு, அத்தியாயம் 3 முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் பிராக்கெட்டுமா வருது. இது அப்பா டைப் பண்ண வேர்ட் ஃபைல், வேர்ட்ல திறந்தா அருமையா தமிழ்ல தெரியுது, நான் அதை பேண்டாக் வழியா மார்க்டவுனா மாத்தி அப்படியே சேத்தேன், திறந்து படிக்கல. ரெண்டு, பிடிஎஃப்ல இருந்து ஒரு சொல்லை காப்பி பண்ணி ஒட்டினா கொம்பும் எழுத்தும் இடம் மாறி விழுது, "செய்யுள்"னு தேடினா கிடைக்கவே மாட்டேங்குது. கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு.

அச்சுக்கோர்ப்பவன்

காப்பி விஷயம் முதல்ல, அது சின்னது. கொம்பு எழுத்துக்குப் பின்னாடி சேமிக்கப்படுது, ஆனா பக்கத்துல முன்னாடி வரையப்படுது. பிடிஎஃப் வரைஞ்ச வரிசையைத்தான் வச்சிருக்கு, அதனால காப்பி பண்ணும்போது அந்த வரிசையிலயே வருது. ஸீலேட்டெக்ல இதுக்கு ஒரு கட்டளை இருக்கு: பேக்ஸ்லாஷ், அடுத்து ஸீடெக் ஜெனரேட் ஆக்சுவல் டெக்ஸ்ட், எல்லாம் சேத்து ஒரே சொல்லா, அப்புறம் =1. ஸீடெக்ல எக்ஸும் டியும் இன்னொரு எக்ஸும் பெரிய எழுத்து, மத்தது எல்லாம் சின்ன எழுத்து. இந்த ஒரு வரியைத் தனியா ஒரு டெக்ஸ் ஃபைல்ல எழுதி, இன்க்லூட்-இன்-ஹெடர் ஆப்ஷன்ல அந்த ஃபைல் பேரைக் குடுங்க. வரைஞ்சதுக்குப் பின்னால உண்மையான சொல்லையும் பிடிஎஃப்ல சேத்து வைக்கும், தேடல் அதை வச்சு நடக்கும்.

அத்தியாயம் 3ல ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் செமிகோலன் வருதா? அப்படின்னா அது பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட், அதுல செமிகோலன்தான் மெய்யெழுத்துப் புள்ளி. யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி இருந்த முறை, ஃபைல்ல இருக்கிறது உண்மையில இங்கிலீஷ் எழுத்துதான், ஃபாண்ட்தான் அதுக்குத் தமிழ் உருவம் குடுத்துச்சு. பேண்டாக் வேர்ட் ஃபைல்ல இருந்து எழுத்தை எடுக்குமே தவிர ஃபாண்ட் பேரை எடுக்காது, அதனால வேஷம் கலைஞ்சுடுச்சு.

இங்க ஒண்ணு ரொம்ப முக்கியம். இப்ப கையில இருக்கிற மார்க்டவுன் ஃபைலை யூனிகோடா மாத்தாதீங்க. பேண்டாக் மார்க்டவுன் எழுதும்போது பிராக்கெட், நட்சத்திரம், அடிக்கோடு மாதிரி குறிகளுக்கு முன்னால பேக்ஸ்லாஷ் சேத்திருக்கும், பாமினியில அந்தக் குறிகள்ல பலதும் தமிழ் எழுத்து, கன்வெர்ட்டர் அந்த பேக்ஸ்லாஷையும் சேத்துப் படிச்சு எழுத்தைக் கெடுத்துடும். வேர்ட் ஃபைலுக்கே திரும்பிப் போங்க, அங்க இருந்து டெக்ஸ்ட்டை எடுத்து கன்வெர்ட் பண்ணிட்டு, அப்புறமா மார்க்டவுனா ஆக்குங்க. நடுவுல இங்கிலீஷ்ல ஏதாவது சொல் இருந்தா அதைத் தனியா எடுத்து வச்சிடுங்க, கன்வெர்ட்டருக்கு அது இங்கிலீஷா பாமினியான்னு தெரியாது.

கன்வெர்ட் ஆனதும் ஔகாரத்தை மட்டும் கண்ணால பாருங்க. பாமினியில "கௌ" அடிக்க கொம்பு, க, ள-ன்னு மூணு தட்டணும். "கெ"க்கு அப்புறம் ஒரு "ள" வந்தாலும் அதே மூணுதான். கன்வெர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது, "மௌனம்" இருக்க வேண்டிய இடத்துல "மெளனம்"னு நாலு எழுத்து உக்காந்துக்கும். அச்சுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா எழுத்து எண்ணிச் சொல்ற இலக்கணப் புத்தகத்துல அது தப்பு இல்லையா. ஒற்றைக்கொம்புக்கு அடுத்து "ள" வந்து, அந்த "ள"வுக்கு மேல புள்ளியோ வேற உயிர்க்குறியோ இல்லாத இடத்தை எல்லாம் தேடுங்க. "வெளி", "வெள்ளம்" எல்லாம் இதுல மாட்டாது, மிஞ்சறது கொஞ்சம்தான் இருக்கும்.

பழையநோட்டு

தேடினேன் அண்ணா. அத்தியாயம் 3ல 23 இடம், "கெளரவம்" மட்டும் ஆறு தடவை, "ஔகாரக் குறுக்கம்"னு அப்பா எழுதின பகுதியில எடுத்துக்காட்டா வர்ற "வெளவால்"லயே அந்தத் தப்பு இருந்துச்சு, அதைப் பாத்ததும் பகீர்னு ஆச்சு, மாத்தலேன்னா அவர் முதல்ல அதைத்தான் பிடிச்சிருப்பார். எல்லாத்தையும் கையாலயே மாத்திட்டேன். "செய்யுள்"னு பிடிஎஃப்ல தேடினேன், 41 இடம் வருது. மொத்தம் 212 பக்கம். பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த டெக்ஸ் ஃபைலைத் திறந்து வெர்பேட்டிம்னு இன்னொரு தடவை தேடிப் பாத்தேன், ஒண்ணு மாட்டிச்சு, அத்தியாயம் 11ல, டேப் போட்டு எழுதின ஒரே ஒரு வரி. அதையும் மாத்தி இப்பதான் ஓட்டிட்டு இருக்கேன்.